இரண்டு அரசுகள், ஒரே நெருப்பு: ஒசூர் எல்லையில் பேரிடரும் சாதியும்

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒசூருக்கும் பெங்களூருக்கும் நடுவில் எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஒரு பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பிடித்தன. மறுநாளுக்குள் 14 பேர் இறந்ததாக அறிவித்தார்கள். மருத்துவமனையில் இருந்தவர்களில் சிலரும் அடுத்த நாட்களில் இறந்தார்கள். இடம் கர்நாடகம். இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். தருமபுரி, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களிலிருந்து, பண்டிகைக் காலத்தில் சில வாரம் கூலிக்கு வேலை செய்து நாலு காசு பார்க்கலாம் என்று வந்த இளைஞர்கள். அவர்களில் மாணவர்களும் உண்டு. தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 3 லட்சம் அறிவித்தது, கர்நாடக அரசு 5 லட்சம் அறிவித்தது. அமைச்சர்கள் இரண்டு பக்கமிருந்தும் வந்தார்கள்.

இதற்குப் பத்து வாரம் முன்புதான், ஜூலை 29 அன்று, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்திருந்தார்கள். அதே நெடுஞ்சாலை, அதே வகைச் சரக்கு. கிருஷ்ணகிரிக்கும் அத்திப்பள்ளிக்கும் அறுபது கிலோமீட்டர்தான். ஜூலையில் நாம் படித்த பாடம் அக்டோபருக்குள் அந்த அறுபது கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பட்டாசு தாண்டியது, கூலி ஆள் தாண்டினான். பாடம் மட்டும் ஜூஜூவாடி சோதனைச்சாவடியிலேயே நின்றுவிட்டது.

அப்படியானால் இந்த எல்லையில் இரண்டு நிர்வாகங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதே இல்லையா? பேசியிருக்கின்றன. நூற்றைம்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. எதைப் பற்றிப் பேசின, யாரைப் பற்றிப் பேசாமல் விட்டன என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

முதலில் பஞ்சம். 1876-78இல் சென்னை மாகாணத்தையும் மைசூரையும் ஒன்றாக விழுங்கிய தாது வருஷப் பஞ்சம். அன்று ஒசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. மைசூர், பிரிட்டிஷ் கமிஷனரின் நேரடி ஆட்சியில் இருந்தது. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்ட மக்கள்தொகை 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் 16 லட்சம். மைசூரில் 50 லட்சத்து 55 ஆயிரம் பேர் 41 லட்சத்து 86 ஆயிரமாகக் குறைந்தார்கள். ஊரை விட்டுப் போனவர்களும் இந்தக் குறைவில் அடங்குவார்கள். ஆனாலும் எல்லையின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஒருவர் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள் என்பதை ஒரு முறை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் அரசுச் செலவில் தானியம் வாங்கினார். சந்தையில் தலையிடக் கூடாது என்று வைஸ்ராய் லிட்டனின் அரசு அவரைக் கண்டித்தது. பிறகு சர் ரிச்சர்ட் டெம்பிள் சிறப்புப் பிரதிநிதியாக அனுப்பப்பட்டார். நிவாரண வேலை செய்யும் ஆண் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார் அவர். கல் உடைக்கிற உடம்புக்கு இது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். மாகாணம் விட்டு மாகாணம் அதிகாரிகள் ஒத்துழைக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. கூலியைக் குறைப்பதில் நன்றாகவே ஒத்துழைத்தார்கள்.

செத்தவர்களில் முதல் வரிசை யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நிலமில்லாதவன், கடனுக்குக்கூட ஈடு வைக்க ஒன்றுமில்லாதவன், ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க முடியாதவன். பறையர், அருந்ததியர், இந்த எல்லைப் பகுதியின் ஒலையர், மாதிகர். சமைத்த உணவு போட்ட முகாம்களில் யார் கையால் சமைப்பது, யாரை எங்கே உட்கார வைப்பது என்பதில் நிர்வாகம் சாதிக்கு வளைந்து கொடுத்தே நடந்தது. முகாமுக்கு வந்தால் கௌரவம் போய்விடும் என்று கருதிய குடும்பங்களுக்கு வீட்டிலேயே உதவி கொடுக்கும் ஏற்பாடும் இருந்தது. கௌரவம் இல்லாதவர்களாகக் கருதப்பட்டவர்கள் மைல் கணக்கில் நடந்துபோய்க் கல் உடைத்தார்கள்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது, 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. இந்தியாவில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட முதல் பேரிடர்த் திட்டம் என்று அதைச் சொல்லலாம். மழை பொய்த்தால் யார் யாருக்குத் தகவல் அனுப்ப வேண்டும், எந்தக் கட்டத்தில் வேலை திறக்க வேண்டும், உதவிக்குத் தகுதியானவர்களின் பட்டியலை எப்படி எடுக்க வேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. அந்தப் பட்டியல் தொடங்கும் இடம் கிராமம். எடுப்பவர் கிராம முன்சீப்பும் கர்ணமும். பரம்பரை பரம்பரையாக ஆதிக்கச் சாதிக் குடும்பங்களில் இருந்த பதவிகள் அவை. தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரை முறை ஒழிந்தது 1980இல். ஆக, விதித்தொகுப்பு வந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள், சேரியில் யார் பசியோடு இருக்கிறார் என்பதை ஊர்தான் எழுதியது. இன்றைய கிராம நிர்வாக அலுவலர் தேர்வு எழுதி வருகிறார், உண்மைதான். வந்தவுடன் அவர் உட்காரும் திண்ணை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் பகுதிக்குப் பஞ்சம் கொடுத்த ஒரு நல்ல காரியமும் உண்டு. தானியத்தை உள்நாட்டுக்குக் கொண்டுசெல்ல 'பஞ்சப் பாதை'யாகக் குறுகிய ரயில் தடங்கள் போடப்பட்டன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல். அது 1913இல் ஒசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தத் தடங்கள் பிடுங்கப்பட்டன. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு அதற்குப் பிறகு ரயிலே வரவில்லை. பேரிடருக்கென்று போட்ட தடத்தை, பேரிடர் கண்ணுக்குத் தெரியாத நாளில் கழற்றிக்கொண்டு போனார்கள்.

1892 பிப்ரவரியில் சென்னை அரசும் மைசூர் சமஸ்தானமும் ஒரு உடன்படிக்கை செய்தன. காவிரி வழக்கு என்றால் எல்லோரும் பேசும் அதே உடன்படிக்கைதான். தென்பெண்ணையும் அதில் அடக்கம். சென்னையைக் கேட்காமல் மைசூர் எந்தெந்த ஆறுகளில் புதிய பாசன வேலை செய்யக் கூடாது என்பது அதன் பொருள். ஆற்று நீர் யார் வயலுக்கு என்று இரண்டு அரசுகளும் உட்கார்ந்து எழுதிக்கொண்டன. வயல் வைத்திருந்தவர்களின் கவலை அது. ஆறு பெருகினால் யாருக்கு முதலில் சொல்வது என்பது அந்தத் தாளின் பொருளாகவே இல்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1898 ஆகஸ்டில், பெங்களூருக்குப் பிளேக் வந்தது. எல்லை தாண்டிய 'நெருக்கடி மேலாண்மை' இந்தச் சாலையில் முழு உருவத்தோடு இறங்கியது அப்போதுதான். 1897இல் பிரிட்டிஷ் அரசு தொற்றுநோய்ச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட சட்டம். மீறினால் தண்டனை என்றது மூன்றாம் பிரிவு. நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மீது வழக்குப் போட முடியாது என்றது நான்காம் பிரிவு. நோயாளிக்கு என்ன உரிமை என்று ஒரு வரி கிடையாது. மைசூர் சமஸ்தானம் தன் பங்குக்கு விதிகளைப் போட்டு, வி.பி. மாதவ ராவைப் பிளேக் கமிஷனராக அமர்த்தியது. பெங்களூர் அன்று இரண்டு ஊர்: பேட்டை மைசூருக்கு, கண்டோன்மென்ட் ஆங்கிலேயருக்கு. ஒரே எலி இரண்டு ஆட்சிகளில் ஓடியது. அதனால் இரண்டு ஆட்சிகளும் பேசியே ஆக வேண்டியிருந்தது.

நோய் கண்ட பகுதியிலிருந்து சென்னை மாகாணத்துக்குள் வருபவர் 'பிளேக் பாஸ்போர்ட்' வைத்திருக்க வேண்டும். போய்ச் சேரும் ஊரில் பத்து நாள் அதிகாரி முன் நின்று முகம் காட்ட வேண்டும். ஒசூருக்கு அப்போது ரயில் இல்லை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சாலை வழியே வந்தவர்கள்தான் எல்லோரும். வண்டியில் வருகிற வியாபாரிக்கும், கண்டோன்மென்டில் துப்புரவு வேலை பார்த்துவிட்டுப் பயந்து ஊர் திரும்புகிற தமிழ்த் தொழிலாளிக்கும் ஒரே விதிதான், தாளில். பத்து நாள் கூலியை விட்டுவிட்டு யாரால் முகம் காட்டிக்கொண்டிருக்க முடியும் என்பதில்தான் விதி இரண்டாகப் பிரிகிறது.

122 ஆண்டு கழித்து, 2020இல், அதே சாலையில், அதே 1897 சட்டம் உயிரோடு எழுந்து நின்றதைப் பார்த்தோம். பாஸ்போர்ட்டின் இடத்தில் இ-பாஸ். தமிழ்நாட்டுக்கு ஒரு இணையதளம், கர்நாடகத்துக்கு 'சேவா சிந்து'. ஒசூரில் வீடு, பொம்மசந்திராவிலோ ஜிகனியிலோ வேலை என்று வாழ்ந்தவர்களுக்கு இரண்டும் தேவைப்பட்டன. ஆண்ட்ராய்டு போன் இல்லாத கட்டடத் தொழிலாளிக்கு எந்த இணையதளம்? நோயைத் தடுக்கக் கட்டுப்பாடு வேண்டும், அதில் சண்டையில்லை. ஆனால் கவனியுங்கள்: தடுப்பதற்கான ஏற்பாடு இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே சில நாட்களில் தயாராகிவிட்டது. மீட்பதற்கான ஏற்பாட்டுக்கு அந்த வேகம் ஒருநாளும் வந்ததில்லை.

மாநில எல்லையைத் தாண்டி மக்களைக் காக்க வேண்டும் என்று ஓர் ஆட்சியாளர் யோசித்ததே இல்லையா? யோசித்தார். அவர் பெயர் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1943 ஜூலையில் தாமோதர் ஆறு கரையை உடைத்தது. ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் துண்டிக்கப்பட்டன. ஆறு பிறப்பது பீகாரில், அழிப்பது வங்காளத்தில். அணை கட்டினால் மூழ்குவது ஒருவர் நிலம், காக்கப்படுவது இன்னொருவர் ஊர். 1945 ஜனவரி 3 அன்று கல்கத்தாவில் வங்காள, பீகார் பிரதிநிதிகளை ஒரே மேசையில் உட்கார வைத்து மாநாட்டுக்குத் தலைமை வகித்தார் அம்பேத்கர். வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து எல்லாம் ஒரே திட்டம், ஒரே அமைப்பின் கீழ் என்ற வழியில் நடந்த வேலையிலிருந்துதான் 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டமாக வந்தது. அரசியல் சட்டம் எழுதியவர் என்ற ஒற்றைப் படத்துக்குள் அவரை அடைத்துவிட்டதால் இது நம் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. பின்னால் கட்டிய அணைகளில் நிலத்தையும் வீட்டையும் இழந்தவர்களில் சந்தால் ஆதிவாசிகள் ஏராளம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேசையில் இரண்டு அரசுகள் உட்கார்ந்தாலும், மூழ்கப்போகிறவர் உட்காரவில்லை என்றால் இதுதான் நடக்கும்.

1956இல் நதி வாரியச் சட்டம் வந்தது. மாநிலங்களுக்கு இடையிலான ஆறுகளுக்கு வாரியம் அமைக்கலாம் என்றது. அதன்கீழ் ஒரு வாரியம்கூட இதுவரை அமைக்கப்படவில்லை. நம் தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவைச் சுமந்து, கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கி இறங்குகிறது. அதற்கும் வாரியம் இல்லை, வழக்குதான் உண்டு.

இப்போது 2004 டிசம்பர் 26க்கு வருவோம். ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொன்றது. இந்தியக் கடற்படைக் கப்பல்கள் மறுநாளே இலங்கைத் துறைமுகங்களைச் சேர்ந்தன. நாடு விட்டு நாடு உதவி, பாராட்டத்தக்கது. அதே நாட்களில் இன்னொரு ஒத்துழைப்பும் நடந்தது. அதை எந்தக் கருத்தரங்கிலும் 'பிராந்திய ஒத்துழைப்பு' என்று சொல்ல மாட்டார்கள். மற்ற நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் வண்டி வண்டியாக நாகைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அழுகிய உடல்களைத் தூக்கியது அவர்கள் கைகள். யார் அவர்கள் என்று சாதி வாரியாகக் கணக்குக் கேட்டால் அரசு சங்கடப்படும், நாம் சங்கடப்படத் தேவையில்லை. 2015 சென்னை வெள்ளத்திலும் அதுவே நடந்தது. மாவட்டம் மாவட்டமாகத் தூய்மைப் பணியாளர்கள் வரவழைக்கப்பட்டு, பலர் கையுறையும் சரியான காலணியும் இல்லாமல் சகதியில் இறங்கினார்கள். 2018 கஜா புயலுக்கும் அதே வழி. ஆள், வண்டி, தங்குமிடம், பொறுப்பு அதிகாரி எல்லாம் ஓரிரு நாளில் ஏற்பாடாகிவிடும். நகராட்சிகளுக்கு நடுவே இவ்வளவு வேகமாக வேலை செய்யும் பரஸ்பர உதவி வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அதில் கைமாறுவது பட்டியலின மக்களின் உடல்.

அதே ஆழிப்பேரலையில் கடலோரத் தலித்துகள் நிவாரணத்தில் எங்கே இருந்தார்கள்? படகும் வலையும் இழந்தவரே பாதிக்கப்பட்டவர் என்ற அளவுகோலில், மீன் சுமந்தவரும், கருவாடு காய வைத்தவரும், உப்பளத்தில் கூலி வேலை செய்தவரும் வெளியே நின்றார்கள். முகாம்களில் தனியாக ஒதுக்கப்பட்டார்கள். மனித உரிமை அமைப்புகள் இதை அப்போதே பதிவு செய்தன. அந்தக் குரல்களுக்குப் பிறகு வந்த 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 61ஆவது பிரிவு இடம்பெற்றது: இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது.

நல்ல பிரிவு. ஆனால் அதன் சொற்களை நிறுத்திப் படியுங்கள். 'இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது'. அதாவது எல்லாம் முடிந்த பிறகு. எச்சரிக்கை கொடுக்கும்போது? யாரை முதலில் வெளியேற்றுவது என்று முடிவெடுக்கும்போது? எந்தத் தெரு ஆபத்துப் பகுதி என்று மாவட்டத் திட்டத்தில் எழுதும்போது? ஒத்திகை நடத்தும்போது? சாதி அங்கெல்லாம் வேலை செய்யாது என்று சட்டம் நம்புகிறது போலும். சேரி எங்கே இருக்கிறது என்று தெரிந்த யாரும் அப்படி நம்ப மாட்டார்கள். ஏரி மதகுக்குக் கீழே, ஓடைப் புறம்போக்கில், இப்போது தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டி.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. நிறுத்தியிருந்த வண்டிகள் வெள்ளத்தில் மிதந்ததை நாடே பார்த்தது. அதே தென்பெண்ணையில் கீழே சாத்தனூர் அணையிலிருந்து 2ஆம் தேதி அதிகாலை 1.68 லட்சம் கன அடி வரை திறக்கப்பட்டது. முறையாக எச்சரித்தோம் என்றது அரசு. சொல்லாமல் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். இரண்டு பேரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தண்டோராவோ ஒலிபெருக்கியோ ஊர்த் தெருவோடு திரும்பியதா, காலனி வரைக்கும் வந்ததா? இது ஒரே மாநிலத்துக்குள் ஓடும் பகுதியில் நடந்த கதை. ஆற்றின் மேல்பகுதி இன்னொரு மாநிலத்தில் இருக்கும் ஒசூருக்கு என்ன நிலைமை என்று நினைத்துப் பாருங்கள்.

ஒசூர் சிப்காட், அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகனி. கூரை மேலிருந்து பார்த்தால் ஒரே தொழிற்பகுதி. 2024 செப்டம்பர் 28 அன்று தேன்கனிக்கோட்டை வட்டத்தில் ஒரு பெரிய மின்னணு ஆலையில் தீப்பிடித்து, ஷிப்டில் இருந்த தொழிலாளர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. எல்லையோரத்தில் கைப்பேசி எந்த மாநிலக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு அவசர அழைப்பு போய்விடுவது இங்கே இருப்பவர்களுக்குப் புதிதல்ல. அந்த அறை உடனே எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும், கிட்டத்தில் இருக்கும் தீயணைப்பு வண்டி எந்த மாநிலத்து எண் பலகையோடு இருந்தாலும் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அதிகாரியின் நல்ல மனதை நம்பியிருக்கக் கூடாது. கையெழுத்திட்ட காகிதத்தில் இருக்க வேண்டும்.

சட்டத்தில் இதற்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. போபால் 1984க்குப் பிறகு, 1996இல் ரசாயன விபத்துகளுக்கான விதிகள் வந்தன. மாநிலம், மாவட்டம், தொழிற்பகுதி என்று ஒவ்வொரு மட்டத்திலும் நெருக்கடிக் குழு அமைய வேண்டும். தொழிற்பகுதி அளவிலான உள்ளூர்க் குழுவில் கோட்ட அளவிலான அதிகாரி, தொழிற்சாலை ஆய்வாளர், தீயணைப்பு அலுவலர், மருத்துவர்கள் மட்டும் இல்லை. ஆலைக்கு அருகிலுள்ள மக்களின் பிரதிநிதிக்கும், தொண்டு நிறுவனத்துக்கும், சமூகப் பணியாளர்களுக்கும் அதில் இடம் உண்டு. அந்த நாற்காலிகளில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஆலைக்கு மண் அடித்து ஒப்பந்தம் எடுத்தவரா, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவரா?

மத்திகிரி, தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கத்துத் தோழர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகள் அனுப்பலாம். ஒசூர்ப் பகுதி உள்ளூர் நெருக்கடிக் குழுவின் உறுப்பினர் பட்டியலும், கடைசியாகக் கூடிய தேதியும். கிருஷ்ணகிரி மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் ஆபத்துப் பகுதிகளாகக் குறிக்கப்பட்ட குடியிருப்புகளில் ஆதிதிராவிடர் குடியிருப்புகள் எத்தனை, வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் கொட்டகைகள் எத்தனை. பெங்களூரு நகர்ப்புற மாவட்ட நிர்வாகத்தோடு அத்திப்பள்ளிக்குப் பிறகு நடந்த கூட்டு ஒத்திகை அல்லது கூட்டுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நகல். ஒசூர் மாநகராட்சிக்குத் தனியாக ஒன்று: வெளியூர்ப் பேரிடர் பணிக்கு அனுப்பப்படும் தூய்மைப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புக் கருவி, காப்பீடு, இரட்டை ஊதியம் குறித்த உத்தரவு எண். ஆனேக்கல் தாலுகா தோழர்கள் இதே கேள்விகளைக் கன்னடத்தில் அனுப்பட்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் இரண்டு மாநிலப் பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம்.